கீழ்ப் பல்செட் நிற்க வேண்டுமா? அழகாபுரத்து மாடி மருத்துவமனை பற்றி

சேலத்தில் கீழ்ப் பல்செட் கட்டிக்கொள்ள இடம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேல் செட் யார் கட்டினாலும் ஓரளவுக்கு நின்றுவிடும். கட்டுகிறவரின் கைவேலை தெரிவது கீழ் செட்டில்தான். அழகாபுரத்தில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இந்த மருத்துவமனையில் கட்டிய என் கீழ் செட், பேசும்போது எழும்புவதில்லை, சாப்பிடும்போது நகர்வதில்லை. பல்லும் பிளாஸ்டிக்கும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே இருக்கும் டாக்டரம்மா என் வாய்க்குள் இருக்கிற சதையை, அது எங்கே ஓய்ந்திருக்கிறது, எங்கே அசைகிறது என்று பொறுமையாகப் பார்த்துப் பார்த்து அளவெடுத்தார். நான் கொடுத்த காசு அந்தப் பொறுமைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு வயது 69. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். சர்க்கரை இருப்பதால் பல் ஒவ்வொன்றாக ஆடி, கடைசியில் மிச்சம் இருந்ததையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. இதற்கு முன் வேறோர் இடத்தில் செட் கட்டினேன். ஒரே உட்காரலில் அளவெடுத்தார்கள், சீக்கிரமே கையில் கொடுத்துவிட்டார்கள். மேல் செட் பரவாயில்லை. கீழ் செட் வாயைத் திறந்தாலே மிதந்து மேலே வரும். நாக்கின் ஓரத்தில், உள்பக்கம், ஆறாத புண். உதட்டின் கீழே ஒரு பக்கம் எறும்பு ஊர்வதுபோல் மரத்துப் போகும். ஒட்டும் பசை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் கீழ் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, ஈறாலேயே மென்று விழுங்குவேன். புகார் சொன்னால் "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்பார்கள். பழகவில்லை.

இந்த டாக்டரம்மா முதலில் அளவே எடுக்கவில்லை. நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, விரலால் ஈறு மேடு முழுக்க மெதுவாகத் தடவிப் பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொன்னார், எச்சில் விழுங்கச் சொன்னார், வாயை அகலமாகத் திறக்கச் சொன்னார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சில மாத்திரைகளால் எச்சில் குறையும், எச்சில் குறைந்தால் செட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்க வேண்டிய மெல்லிய ஈரம் போய்விடும், செட் வழுக்கி உரசும் என்றார். அப்புறம் பழைய செட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதைச் சில நாள் போடாமல் இருங்கள். ஈறு நசுங்கி வீங்கியிருக்கிறது. இப்போது அளவெடுத்தால் வீக்கத்துக்குத்தான் செட் வரும்" என்றார். வந்தவுடன் வேலையை ஆரம்பித்துக் காசு வாங்கப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பியதே எனக்குப் பிடித்துப் போயிற்று.

அடுத்த முறை முதல் அளவெடுத்து, அதில் பிளாஸ்டர் வார்த்து, என் கீழ்த்தாடையின் வெள்ளை அச்சை மேசைமேல் வைத்தார். பென்சிலால் அதில் கோடு போட்டுக் காட்டியபோதுதான் கீழ் செட் ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்று எனக்குப் புரிந்தது. மேலே அண்ணம் முழுக்கச் செட் பரவி உட்காரலாம். கீழே நடுவில் நாக்கு இருக்கிறது. மிச்சம் இருப்பது குதிரை லாடம் போல ஒரு ஒடுங்கிய மேடுதான். மேல் தாடையில் செட் உட்காரக் கிடைக்கும் இடம் சராசரியாக 23 சதுர சென்டிமீட்டர், கீழே 12 சொச்சம். கடிக்கும் பாரம் இரண்டுக்கும் ஒன்றே. போதாததற்கு, பல் போனபின் கீழ்த்தாடை மேடு வேகமாகத் தேய்கிறது. டால்கிரன் என்ற ஆராய்ச்சியாளர் செட் கட்டியவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1972-ல் எழுதியிருக்கிறாராம். தாடையின் முன்பகுதியில், மேலே தேய்ந்ததைப் போலக் கீழே சுமார் நான்கு மடங்கு தேய்ந்திருந்தது. டாக்டரம்மா இதைச் சொல்லிவிட்டு, "கீழே எலும்பை மட்டும் நம்ப முடியாது ஐயா, சதையோடு சமாதானமாகப் போக வேண்டும்" என்றார்.

அந்த அச்சில் முதலில் காட்டியது, கடைவாய்ப் பல் இருந்த இடத்துக்கு வெளியே, கன்னத்துப் பக்கம் இருக்கும் அகலமான திட்டு. பக்கல் ஷெல்ஃப் என்கிறார்கள். மேட்டின் உச்சி எலும்பு உள்ளே பஞ்சு போன்றது, அழுத்தினால் கரையும். இந்தத் திட்டின் மேலோடு கெட்டியானது. கடிக்கும் பாரம் அதன்மேல் நேராக விழுகிறது. கன்னத்துத் தசை அங்கேதான் ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்தத் தசை நார்கள் முன்னும் பின்னுமாகப் படுத்து ஓடுவதால், மேலே செட் உட்கார்ந்தாலும் தூக்கி எறியாது. பாரத்தை இங்கே இறக்க வேண்டும், உச்சியில் ஏற்றக் கூடாது. என் பழைய செட் இந்தத் திட்டைத் தொடவே இல்லை, உச்சியோடு நின்றுவிட்டது.

அதற்குப் பின்னால், மேடு முடிகிற இடத்தில், பேரிக்காய் வடிவத்தில் ஒரு மெத்தென்ற சதை. நாக்கால் தொட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ரெட்ரோமோலார் பேட் என்று பெயர். செட் அதன் மேல் ஏறி மூட வேண்டும். மற்ற இடம் தேய்ந்தாலும் அந்த இடம் அதிகம் தேய்வதில்லை என்பதால், பின்பல் எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதற்கும் அதையே அடையாளமாக வைக்கிறார்கள். பழைய செட்டை அச்சின்மேல் வைத்துக் காட்டினார். அந்தச் சதைக்கு முன்னாலேயே வெட்டி நின்றது. அதனால்தான் பின்பக்கம் பிடிமானமே இல்லாமல் முன்னும் பின்னும் ஆடியிருக்கிறது.

உதடு மரத்ததற்கும் காரணம் அந்த அச்சிலேயே இருந்தது. கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கடைவாய்ப் பற்களுக்குக் கீழே எலும்பில் ஒரு துளை உண்டு. உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதன் வழியாக வெளியே வருகிறது. பல் இருக்கும்போது துளை பக்கவாட்டில் கீழே இருக்கும். மேடு தேயத் தேய, துளை மேட்டின் உச்சிக்கு அருகே வந்துவிடுகிறது. செட் அதன்மேல் உட்கார்ந்தால் நரம்பு நசுங்கும். அந்த இடத்தில் புதுச் செட்டின் அடியில் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லி லேபுக்குக் குறிப்பு எழுதினார். புதுச் செட் போட்டபின் அந்த மரமரப்பு இல்லை.

இனி நான் சொல்லப் போவதுதான் இந்த மருத்துவமனையின் உயிர். அச்சின்மேல் எனக்கென்றே அளவெடுக்கும் தட்டு ஒன்று செய்திருந்தார்கள். அதன் ஓரம் முழுக்கச் சுமார் 2 மில்லிமீட்டர் குறைத்து வெட்டப்பட்டிருந்தது. அந்தக் குறைந்த ஓரத்தை என் சதையே நிரப்ப வேண்டும் என்பது கணக்கு. பச்சை நிறத்தில் மெழுகு போன்ற குச்சி ஒன்றை ஸ்பிரிட் விளக்கில் காட்டி உருக்கி, தட்டின் ஓரத்தில் துண்டு துண்டாக வைத்து, வெந்நீரில் சூட்டைத் தணித்து வாயில் வைத்தார். பட்டறையில் அச்சு எடுப்பது என் கைக்குப் பழகிய வேலை, ஆனால் அங்கே அச்சு கொடுக்கிற பொருள் அசையாமல் கிடக்கும். இங்கே அச்சு கொடுக்கிற சதை பேசுகிறது, மெல்லுகிறது, விழுங்குகிறது. அசையாத வாயில் எடுத்த அளவு, அசைகிற வாயில் நிற்காது.

ஆகவே துண்டுக்குத் துண்டு ஒரு அசைவு. முன்னால் வைத்தபோது கீழுதட்டை மேலே இழுத்துப் பிடித்தார். உதட்டையும் ஈறையும் நடுவில் இணைக்கிற சின்ன மடிப்பு ஒன்று இருக்கிறது, அதற்குச் செட்டில் ஒரு வெட்டு விடாவிட்டால் உதடு அசையும்போதெல்லாம் அது செட்டைத் தூக்கும், தானும் அறுபட்டுப் புண்ணாகும். கன்னத்துப் பக்கம் வைத்தபோது கன்னத்தை வெளியே, மேலே, உள்ளே என்று இழுத்தார். பின்மூலையில் வைத்துவிட்டு, தட்டை விரலால் கீழே அழுத்திக்கொண்டு, "இப்போது என் விரலை எதிர்த்து வாயை மூடப் பாருங்கள்" என்றார். நாம் கடிக்கும்போது கன்னத்தில் புடைக்கும் பெரிய தசை, மாசெட்டர், அந்த மூலையில் உள்ளே தள்ளுமாம். அங்கே செட் ஒரு நூலளவு நீண்டிருந்தாலும் கடிக்கிற ஒவ்வொரு முறையும் முன்னே தள்ளப்படும். என் தட்டின் அந்த மூலையில் அழகாக ஒரு குழிவு விழுந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

அதிக நேரம் பிடித்தது நாக்குப் பக்கம்தான். நாக்கை வெளியே நீட்டச் சொன்னார், வலது கன்னத்தைத் தொடச் சொன்னார், இடது கன்னம், அப்புறம் அண்ணம், அப்புறம் விழுங்கு. வாயின் தரை என்பது வெறும் தோல் இல்லை. மைலோஹையாய்டு என்ற தசை இரண்டு பக்கத் தாடையிலிருந்தும் வந்து நடுவில் சேர்ந்து தரை விரித்திருக்கிறது. விழுங்கும்போது அந்தத் தரை மேலே எழும்புகிறது. அது தாடையில் ஒட்டுகிற இடத்தில் எலும்பு கூர்மையான வரப்பாக இருக்கும், மேலே இருக்கும் தோலோ மிக மெல்லியது. செட்டின் உள்விளிம்பு அந்த வரப்பைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும், ஆனால் தசை எழும்ப இடம் கொடுத்து நாக்குப் பக்கமாகச் சாய்ந்து இறங்க வேண்டும். கடைசியில், தொண்டைக்கு அருகே, தசை விட்டுப்போகிற இடத்தில் மறுபடி வெளியே வளைந்து தாடையை ஒட்ட வேண்டும். மேலிருந்து பார்த்தால் அந்த விளிம்பு எஸ் எழுத்து மாதிரி நெளிந்திருக்கிறது. என் பழைய செட்டின் உள்விளிம்பு நேராக, கத்தி மாதிரி இறங்கி அந்த வரப்பிலேயே குத்திக்கொண்டு நின்றது. ஆறாத புண் அங்கேதான் இருந்தது. "பழகிவிடும்" என்று சொன்னவர்கள் இதை ஒரு முறை விரலால் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

ஓரம் எல்லாம் முடிந்தபின் கிராம்பு மணக்கும் பசையை மெல்லியதாகத் தடவி, கடைசி அளவு. கொஞ்சம் எரிந்தது. பசை இறுகிய பிறகு தட்டை எடுக்கப் போனபோது அது உடனே வரவில்லை, பிடித்துக்கொண்டு நின்றது. கீழ்த்தட்டு ஒன்று என் வாயில் அப்படி நின்றதை அன்றுதான் கண்டேன்.

பல் வரிசை வைப்பதிலும் சதைக்கு இடம் உண்டு. உள்ளிருந்து நாக்கு தள்ளுகிறது, வெளியிலிருந்து உதடும் கன்னமும் தள்ளுகின்றன. இரண்டும் சமமாகிற ஒரு ஒடுங்கிய பாதையில்தான் பல் நிற்க வேண்டும். பல்லை உள்ளே வைத்தால் நாக்குக்கு இடம் பற்றாமல் அது செட்டைத் தூக்கும். வெளியே வைத்தால் கன்னம் தள்ளும். வாயின் மூலையில் பல தசைகள் ஒரே முடிச்சாகக் கூடுகிற இடம் இருக்கிறது, அதற்கு நேரே செட் ஒல்லியாக இருக்க வேண்டும். மெழுகில் பல் வைத்த செட்டை வாயில் போட்டு "செவ்வாய்ப்பேட்டை, சூரமங்கலம், சாரதா காலேஜ் ரோடு" என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். சகரம் வரும்போது காற்று எங்கே போகிறது, மேலும் கீழும் பல் முட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கூட வந்திருந்த என் மனைவி, "ஏங்க, முன்பல் கொஞ்சம் வெளியே தெரியுதே" என்றாள். டாக்டரம்மா முகம் சுளிக்காமல் மெழுகைச் சூடாக்கி அந்த இரண்டு பல்லை உள்ளே நகர்த்தினார்.

இன்னொன்று எனக்கு யாரும் சொல்லாதது. பழைய செட் ஆட ஆட, நான் நாக்கைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். நாக்கு பின்னால் போனால் வாய்த்தரை இறங்கி, செட்டின் உள்விளிம்பில் காற்று புகுந்துவிடும். நாக்கின் நுனி கீழ் முன்பல்லின் பின்புறத்தைத் தொட்டபடி ஓய்ந்திருக்க வேண்டும். கண்ணாடி முன் உட்கார்ந்து செய்து பழகச் சொன்னார். பட்டறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது செய்து செய்து இப்போது தானாகவே வருகிறது. எவ்வளவு நல்ல செட் கட்டினாலும் இந்தப் பாதி வேலை நம்முடையது.

செட் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிடாது. முதலில் இரண்டு இடத்தில் புண் வந்தது. அழுத்தும் இடத்தைக் காட்டும் வெள்ளைப் பசையை அடியில் தடவிப் போட்டுப் பார்த்து, பசை விலகின இடத்தை மட்டும் கொஞ்சமாக அரைத்தார். புண் என்று வருகிறவர்கள் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வரக் கூடாது, சில மணி நேரம் போட்டுக்கொண்டு வந்தால்தான் சிவந்த தடம் தெரியும் என்று சொல்லியனுப்பினார். முன்பல்லால் எதையும் கடித்து இழுக்காதீர்கள், கீழ் செட் பின்னால் கிளம்பிவிடும். சின்னத் துண்டாக்கி இரண்டு பக்கமும் சேர்த்து மெல்ல வேண்டும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், ஈறுக்கு ஓய்வு வேண்டும். கொதிநீர் ஊற்றினால் செட் வளைந்துவிடும்.

என்ன சாப்பிட முடிகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சோறு, இட்லி, நன்றாக வெந்த கறி எல்லாம் சரி. மல்கோவா சீசனில் துண்டு போட்டுச் சாப்பிட்டேன். தட்டையில் சட்னியும் காய்கறித் துருவலும் வைத்துத் தரும் எங்கள் ஊர்த் தின்பண்டமான தட்டுவடை செட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை இருந்தது. சேலத்துக்காரன் அதை விட முடியுமா? தட்டை சட்னியிலும் காய்கறித் துருவலிலும் கொஞ்சம் ஊறியபின் உடைத்துப் பின்பல்லில் வைத்து மென்றால் பிரச்சினை இல்லை. முறுக்கு முடியாது. நிலக்கடலையும் வேண்டாம், துணுக்கு அடியில் போனால் உயிர் போகிறது.

எல்லோருக்கும் என்னைப் போல நிற்கும் என்று சொல்ல மாட்டேன். ஏற்காட்டில் இருக்கும் எங்கள் சம்பந்தியை இங்கே அனுப்பினேன். அவருக்குப் பல் போய் ரொம்பக் காலம் ஆகிவிட்டதால் மேடு ஏறக்குறைய தரைமட்டம். நாக்குத் தசை பிடிக்கிற எலும்புப் புடைப்பே உள்ளே மேட்டைவிட உயரமாகத் தெரிகிறது. எச்சிலும் குறைவு. டாக்டரம்மா அவரிடம் முதல் நாளே, "முன்பைவிட நன்றாக இருக்கும், ஆனால் இவர் செட் போல நிற்கும் என்று வாக்குத் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் திருகு) போட்டு அதில் செட்டை மாட்டும் முறையையும் சொன்னார். கனடாவில் மெகில் பல்கலைக்கழகத்தில் 2002-ல் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது அதுதான் என்று சொன்னார்களாம். எனக்கும் அதைச் சொன்னார். செலவையும் சர்க்கரையையும் பார்த்து நான் சாதாரணச் செட்டோடு நின்றேன். இம்ப்ளான்ட் பற்றிச் சம்பந்தி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்து, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள் துணைக்கு ஆள் கூட்டிப் போக வேண்டும். மாலையில் நேரம் வாங்கியிருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். முன்னால் போனவருக்கு வேலை முடியும்வரை டாக்டரம்மா அடுத்தவரைக் கூப்பிடுவதில்லை. பல முறை போய்வர வேண்டும் என்பதால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரமம். சம்பந்தி ஒவ்வொரு தடவையும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து திரும்ப ஏற வேண்டியிருந்தது. அவர் கேட்டுக்கொண்ட பிறகு காலை நேரமாகக் கொடுத்தார்கள், சில வேலைகளை ஒரே நாளில் சேர்த்துச் செய்தார்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வரவேற்பில் இருக்கும் பெண் போனை எடுப்பது அபூர்வம், நேரில் போய் நேரம் வாங்குவதே மேல்.

மேலும் கீழும் சேர்த்து எனக்கு 18,000 ரூபாய் ஆயிற்று. அதற்குப் பிறகு அரைத்துச் சரிசெய்ததற்குத் தனியாக வாங்கவில்லை. இதைவிடக் குறைந்த விலைக்குச் சேலத்தில் செட் கிடைக்கும். அங்கே போனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அளவு எடுக்கும்போது நாக்கையும் கன்னத்தையும் அசைக்கச் சொல்வீர்களா, ஓரத்துக்குத் தனியாக அளவு உண்டா என்று கேளுங்கள். ஒரே தட்டு, ஒரே தடவை என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கே போகிறவர்கள் பழைய செட் இருந்தால் அதையும், சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள், இரண்டையும் கேட்பார்கள். ஞாயிறு விடுமுறை. வண்டியை எதிர்த் தெருவில் நிறுத்தலாம்.